ரிஜெக்ட் அக்கா விட்டுவைத்த வரி

குருபரப்பள்ளிப் பக்கம் நான் இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலையில், புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. கையுறை எப்படிப் போடுவது, தீ மணி அடித்தால் எந்த வாசலுக்கு ஓடுவது என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியாக, "நான் ஒரு ஆள்கிட்ட ஏமாந்தவ. எப்படி ஏமாந்தேன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு ஏதோ பட்டப்பெயர்கூட வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். இந்தப் பழக்கம் எனக்கு எந்த அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ, அவருக்கு நாங்கள் வைத்த பெயரைவிட அது மோசமாக இருந்துவிட முடியாது.

நாங்கள் அவரை ரிஜெக்ட் அக்கா என்றோம்.

அப்போது ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கனெக்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் காண்ட்ராக்டில் இருந்தோம். பிளாஸ்டிக் துண்டுகளை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்து, விரிசல், பிசிறு இருந்தால் சிவப்புத் தட்டில் போடவேண்டும். ஒவ்வொரு லைன் முடிவிலும் ஒரு பலகை தொங்கும். கண் தப்பிப் போய்விட்ட கெட்ட பீஸ்களைக் கம்பியில் கட்டி அதில் மாட்டியிருப்பார்கள். என்ன குறை, எந்தத் தேதி, எந்த ஷிப்ட் என்று கீழே சீட்டு ஒட்டியிருக்கும். குறை எப்படி இருக்கும் என்று எல்லோர் கண்ணுக்கும் பழக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. ஆனால் தன் கையிலிருந்து போன பீஸ் அந்த ரிஜெக்ட் போர்டில் தொங்குவதை யார்தான் விரும்புவார்கள்?

ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடக் கூட்டம். சூப்பர்வைசர் ஒரு பீஸைத் தூக்கிக் காட்டி, "இது யாரு விட்டது?" என்பார். நாங்கள் எல்லோரும் உடனே முந்தைய ஷிப்ட் போன திசையைப் பார்ப்போம். அப்போது பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"நான்தான் சார். நான் பாக்கல."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. எங்களில் யாராவது மாட்டிக்கொண்டால், "ஆனா சார், லைட்டு மங்கலா இருந்துச்சு", "ஆனா சார், எனக்கு அன்னிக்கு ஜுரம்" என்று ஆனாவிலேயே ஒரு கோட்டை கட்டுவோம். அக்காவின் வாயில் மட்டும் அந்த ஆனா வந்து நான் கேட்டதில்லை. திட்டத் தயாராக வாயைத் திறந்த சூப்பர்வைசருக்கு எதைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரி விட்ட பீஸ் இது என்று அக்காவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை நான் காதைக் கடித்தேன். "அவ விட்டதுன்னு சொல்லிடுங்கக்கா, இல்லன்னா நம்ம எல்லாருக்கும் பேச்சு." அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார். "அது அவ சொல்லணும்மா. நான் சொன்னா அது கோள் சொல்றது."

அக்காவுக்குக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடம். மூன்றிலும் அவர் பேசுவது பெரும்பாலும் தான் கோட்டை விட்ட கதைகளைத்தான். பத்தாவதில் கணக்கில் மூன்று தடவை பெயில். பிறகு முப்பது வயதுக்கு மேல், வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் படித்து நான்காவது தடவை எழுதிப் பாஸ் செய்தார். அந்த மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அறைக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். அதைப் பார்க்க வேண்டுமானால் முதலில் மூன்று பெயில் கதைகளையும் கேட்டாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சில நாள் எரிச்சலாக இருக்கும். கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர் காதில் விழும்படி, "அவரு என்னை வுட்டுட்டுப் போனதுல என் தப்பும் இருக்குதும்மா, என் வாய் அப்படி" என்று சொல்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அசிங்கத்தை இப்படியா கடை விரிப்பது என்று தோன்றும். எங்கள் ஊத்தங்கரைப் பக்கத்தில் நாலு பேருக்குத் தெரியாமல் இருந்தால் எதுவும் நடக்கவே இல்லை என்று அர்த்தம். நான் அப்படி வளர்ந்தவள்.

எனக்கு அப்போது இருபது வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். அப்பாவுக்கு மழையை நம்பிய நாலு ஏக்கர். என்னை ஓசூருக்கு அனுப்பும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஏதாவது ஏடாகூடம் என்று காதில் விழுந்தால் மறுநாளே கூட்டிவந்து கல்யாணம். என் ஊரில் அது மிரட்டல் இல்லை, ஏற்பாடு.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் பதினான்கு அறைகள் ஒரே வரிசையில் இருந்த லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அக்காவுக்கு முதல் அறை. எனக்கும் கோவில்பட்டியிலிருந்து வந்த ஒருத்திக்கும் ஒன்பதாவது அறை. ஒரு அடுப்பு, ஒரு பாய் விரிக்கும் இடத்தில் இரண்டு பாய். இடது பக்க அறையில் மாலூர்க்காரியின் கன்னடம், வலது பக்கம் தெலுங்கு, கடைசி அறைகளில் இந்தி. என் அறைத்தோழி பேசும் தமிழே எனக்கு முதல் மாதம் பாதிதான் புரிந்தது.

என்னை ஏமாற்றிய ஆள் வந்தது இப்படிப் பல ஊர்ப் பேச்சு கலந்து கிடந்த இடத்துக்குத்தான். அதைச் சொல்லாவிட்டால் நாங்கள் ஏமாந்தது யாருக்கும் விளங்காது.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பேக்கரி உண்டு. அங்கே நின்று அம்மாவிடம் போன் பேசி முடித்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "ஊத்தங்கரைப் பக்கமா? பேச்சைக் கேட்டன். எங்கம்மா பொறந்த வூடு அங்கதாம்மா" என்றார். ஏழு மாதத்தில் முதல் முறையாக நேரில் என் ஊர்ப் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் அடையாள அட்டையின் நீலப் பட்டை, அட்டை மட்டும் சட்டைப் பைக்குள். பெரிய கம்பெனியொன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பீஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நான், அந்த அட்டையை வெளியே எடுங்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்று வாரம் அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி, மழை பெய்ததா என்று மட்டும் விசாரித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

"காண்ட்ராக்ட்ல எத்தினி நாளு கெடப்ப? எங்க கம்பெனில ரெண்டே ரெண்டு இடம் இருக்குது, பர்மனென்ட்டு. நம்ம ஊருப் புள்ளைக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கறன். யாருகிட்டயும் மூச்சு வுடாத. மத்த ஊருக்காரங்களுக்குத் தெரிஞ்சா அவங்க ஆளைக் கூட்டியாந்துருவாங்க."

டிப்ளமோ சான்றிதழ், மார்க் ஷீட், எல்லாம் அசல். பையோடு கொடுத்தேன். அதற்கப்புறம்தான் அதிகாரியைக் கவனிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. படிப்பு முழுவதும் அவர் பையில் இருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளிக்கும்போது தொலைந்துவிட்டது என்று அம்மாவிடம் போனில் பொய் சொன்னேன். வேலைக்கான கடிதம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார். நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு காலை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீருக்காக லைன் வீடே குழாயடியில் நின்றது. அக்கா குடத்தைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கம்மா. நான் ஏமாந்துட்டேன்."

எல்லோரும் சிரிக்கத் தயாரானோம். அக்கா குரலை இறக்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஒரு ஆள் தெலுங்கில் பேசினான். கெலவரப்பள்ளியில் மாமா வீடு என்றான். பர்மனென்ட் வேலை என்று பத்தாவது மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டான். பிறகு மோதிரத்தை வாங்கிக்கொண்டான். நேற்று அந்தக் கம்பெனி கேட்டில் போய்க் கேட்டால், அப்படி ஒருவரே இல்லை என்று செக்யூரிட்டி சிரிக்கிறார்.

"கழுத்துல பட்டை இருந்துச்சு. கார்டு ஜோபிக்குள்ள. நான் எடுத்துக் காட்டுன்னு கேக்கல. கேட்டிருக்கணும். கேக்கல."

என் ஊர்க்காரரின் நீலப் பட்டை நினைவுக்கு வந்தது. யாரோ, "அக்காவுக்கு இன்னிக்குப் புதுக் கதை கிடைச்சுடுச்சு" என்றார்கள். குழாயடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அறைக்குத் திரும்பும்போது கோவில்பட்டிக்காரி நிம்மதியாக மூச்சு விட்டாள். "நல்லவேள, அது தெலுங்கு ஆளு. நமக்குத் தெரிஞ்சவக யாரும் அப்படி இல்ல" என்றாள். நமக்குத் தெரிஞ்சவக என்று அவள் யாரைச் சொல்கிறாள்? கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

அது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை, கோவில்பட்டியில் சித்தி வீடு இருப்பதாகச் சொன்ன ஒரு நல்ல மனிதரிடம் அவள் தன் சான்றிதழ்களைக் கொடுத்தாள். ஊத்தங்கரையில் அம்மா வீடு, கெலவரப்பள்ளியில் மாமா வீடு, கோவில்பட்டியில் சித்தி வீடு. எல்லாம் ஒரே ஆள்தான். அவனுக்குத் தமிழிலேயே நாலு தமிழ் தெரியும் போலிருக்கிறது. எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தில் இந்த வித்தை ஒரு நாள் தாங்காது. நாங்கள் ஆளுக்கு ஒரு ஊர். அவரவர் ஊர்க்காரரை அவரவர் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை அக்கா ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் ஒரு பக்கத்தைக் கேட்டுக்குள் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார். மேலே கொட்டை எழுத்தில், ரிஜெக்ட் போர்டு. அதன் கீழே அந்த ஆள் பேசிய வாக்கியங்கள். நம்ம ஊர்ப் பிள்ளை. ரெண்டே இடம். யார்கிட்டயும் சொல்லாதே. அசல் மட்டும் கொடு. அதற்கும் கீழே முதல் வரியில் தன் பெயர், கொடுத்தது பத்தாவது மார்க் ஷீட், மோதிரம், தேதி, ஏ ஷிப்ட் முடிந்த பிறகு. ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

வீட்டுக்காரருக்குக் கோபம். "ஏம்மா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? என் வீட்டுக்கு ஆள் வருவானா?" என்றார்.

"இதக் கழட்டினா அவன் வருவாண்ணா" என்றார் அக்கா. "கெட்ட பீஸை ஒளிச்சு வச்சா அடுத்தவளுக்கு எப்படித் தெரியும்?"

வேலை முடிந்து வந்த என் அறைத்தோழி அந்தப் போர்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தலைவலி என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. அப்போதாவது அவள் தோளைத் தொட்டிருக்கலாம். நானும் படுத்துக்கொண்டேன். இரண்டு பாய்க்கு நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

அடுத்த ஞாயிறு அந்த ஆளே வந்தான். வழக்கம்போல யாரையோ பார்க்க வந்திருப்பான். துணி துவைக்கும் நேரம், எல்லோரும் வெளியில் இருந்தோம். போர்டைப் பார்த்தான். ஓடவில்லை. நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழுவதும் படித்தான். பிறகு சிரித்தான். அப்படி ஒரு அழகான சிரிப்பு.

"பாவம் இந்தம்மா" என்றான் பொதுவாக. "கம்பெனிலயே எல்லாத் தப்பையும் தன் தலைமேல போட்டுக்குவாங்களாமே? இவங்க பேச்ச வச்சு ஒரு மனுஷனத் திருடன்னு சொல்லலாமா? வேற யாராச்சும் இருந்தா சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

சுற்றிப் பார்த்தான். ஒவ்வொரு முகத்திலும் ஒரு நொடி நின்றான். என்னிடம் வந்தபோது கண்ணை லேசாக மூடித் திறந்தான். உன்னுடையது பத்திரமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கண்ணசைவை நம்பி நான் வாயை மூடிக்கொண்டேன். சான்றிதழ் திரும்பி வந்துவிட்டால் அப்பாவுக்கு எதுவும் தெரியவேண்டாம். என் கணக்கு அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் கையில் சோப்பு நுரையோடு நின்றோம்.

அக்கா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஊரில் பொண்ணு பார்க்க வந்தவரிடம் கேட்பதைப்போல் மரியாதையாகத் தெலுங்கில் கேட்டார்.

"மீதி ஏ ஊரண்டி?"

அவன் சிரித்துக்கொண்டே நின்றான். அக்கா விடவில்லை.

"நிம்து யாவ ஊரு? உங்களுக்கு எந்த ஊருங்க?"

மூன்று மொழியிலும் ஒரே கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்கும் கேள்வி. அதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கெலவரப்பள்ளி என்றால் மாலூர்க்காரி பார்க்கிறாள். மாலூர் என்றால் கோவில்பட்டிக்காரி பார்க்கிறாள். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே நிற்பவர்களில் மற்ற எல்லோருக்கும் அவன் பொய்யன். கடைசியில், "நான் ஓசூருதாங்க" என்றான்.

"மாலூருன்னு சொன்னீங்களே சார்" என்றது எங்கள் இடது பக்க அறையிலிருந்து ஒரு குரல்.

என் பக்கத்தில் நின்றவள் வாளியைக் கீழே போட்டாள். "எங்கிட்ட கோவில்பட்டின்னு சொன்னிய! எங்க தெரு வரைக்கும் சொன்னிய!" என்று கத்தியபடி அவனிடம் ஓடினாள். இன்னும் இருவர் முன்னால் வந்தார்கள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வண்டி எண்ணை மட்டும் அக்கா தன் உள்ளங்கையில் எழுதிவிட்டார்.

நான் அப்போதும் ஊத்தங்கரை என்று சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அன்று மாலை கோவில்பட்டிக்காரி என் மடியில் தலை வைத்து அழுதாள். அடுத்த மாதம் சென்னையில் அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு. அசல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். "அக்கா சொன்னப்ப வேற ஊர்க்காரி ஒருத்தி, ஒரே ஒருத்தி, எனக்கும் அப்படித்தான்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனாட்டி?" என்றாள். அவள் முடியைக் கோதிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

போர்டில் வரிகள் ஏறின. தேதி வாரியாக எழுத வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. குறை எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமாம். அக்காவே மற்ற லைன் வீடுகளுக்கும் பஸ் நிற்கும் இடங்களுக்கும் போய், "நான் ஏமாந்தவங்க" என்று ஆரம்பித்து எல்லோரிடமும் சொன்னார். சிலர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். சிலர் அவர் போன பிறகு தேடி வந்து, எனக்கும்தான் என்று அழுதார்கள். போலீசில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். வண்டி எண்ணை வைத்துப் பார்த்ததில் அந்த ஆள் தங்கியிருந்தது எல்லை தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு லாட்ஜில் என்று தெரிந்தது. அது கர்நாடக மாநிலம், இங்கே ஒரு மனு, அங்கே ஒரு மனு. அக்கா இரண்டு வாரம் லீவு போட்டு இரண்டு பக்கமும் அலைந்தார். ஆள் அகப்படவில்லை. அறையில் விட்டுப்போன சான்றிதழ்க் கட்டு ஒன்று மட்டும் கிடைத்தது.

அன்று நான் இரண்டாவது ஷிப்ட். கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். பிரித்தேன். என் டிப்ளமோ. என் புகைப்படம், என் பெயர், என் அப்பா பெயர்.

அதைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றப் பார்த்தேன்.

"உங்களோடதுக்கா?" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"இல்ல. பத்தாவதுதானே, எதுக்கு ஆவும்னு தூக்கிப் போட்டிருப்பான்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் கண் நிறைந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "உன் கூட இருக்கறவளோடதும் இல்ல. நல்லாத் தேடினேன்."

பிறகு கேட்டார். "நீ எப்பக் குடுத்த?"

தேதியைச் சொன்னேன். அக்கா மனதுக்குள் நாளைக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. குழாயடி ஞாயிற்றுக்கிழமை, அதற்கப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. கூட்டி முடித்தார். திட்டவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றார்.

அன்றைக்கே அவர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார் என்று பயந்து இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். தன் சங்கதியில் எதையும் மறைக்காதவர் என் சங்கதியை மறைப்பார் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அவர் சொல்லவே இல்லை. ஆனால் மூன்றாம் நாள், மழையில் நனைந்துபோன போர்டை எடுத்துவிட்டுப் புது அட்டையில் எல்லா வரிகளையும் திரும்ப எழுதி மாட்டினார். அக்கா வரி, அதற்குக் கீழே மாலூர்க்காரி வரி, கடைசிப் பக்கத்து அறைக்காரிகள் இருவரின் வரிகள், கோவில்பட்டிக்காரி வரி. நடுவில், மாலூர்க்காரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில், ஒரு வரி இடம் சும்மா கிடந்தது.

கோவில்பட்டிக்காரிதான் கேட்டாள். "இதென்னக்கா, நடுவுல விட்டுட்டிய?"

"அங்க ஒரு பீஸ் வரணும்மா" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலேயே. "இன்னும் வரல."

அந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும். என் சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. அப்பாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான் கடைசிவரை சும்மா இருந்திருந்தால் அக்கா கடைசிவரை சும்மாவே இருந்திருப்பார். அதுதான் தாங்க முடியவில்லை. ஒருவர் நம்மைக் காட்டிக்கொடுத்தால் அவரைக் கோபித்துக்கொள்ளலாம். இடம் விட்டுக் காத்திருப்பவரை என்ன செய்வது?

எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் நூலில் தொங்கிய பேனாவைப் பிடித்தேன். என் பெயர். டிப்ளமோ, கம்மல். தேதி. முதல் அறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா எழுந்து வந்து படித்தார்.

"ஷிப்ட் போடல" என்றார்.

பொது ஷிப்ட் என்று எழுதினேன். அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் போய்க் கீரை ஆய்ந்தார்.

நான் திரும்பினேன். பின்னால் கோவில்பட்டிக்காரி நின்றிருந்தாள். கையில் வெறும் வாளி. என் வரியைப் படித்தாள். தன் வரியைப் படித்தாள். திரும்பவும் என்னுடையதுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டவர்கள்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

அப்பா, ஊர், கல்யாணம், பயம், கண்ணசைவு, எல்லாம் ஒரு ஆனாவைப் பிடித்துக்கொண்டு தொண்டைவரை ஏறி வந்தன. முதல் அறை வாசலில் கீரைத் தண்டு முறியும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "சொல்லல."